ஒரே இரவில் ஒரு முழு மறைப்பு: ஆர் கேனிஸ் மேஜரிஸின் ஒளிவளைகோட்டை எடுப்பது எப்படி

ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்களில் ஒன்று மற்றதை நம் பார்வைக்கு மறைத்து ஒளி மங்கினால், அந்த ஜோடி மறைப்பு இரட்டை விண்மீன். அந்த மங்கலை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது ஒளிவளைகோடு. இப்படிப்பட்ட விண்மீன் என்றதும் எல்லோரும் கைகாட்டுவது அல்கோலைத்தான். வெறுங்கண்ணுக்கே தெரியும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 2.1 மேக்னிட்யூடிலிருந்து (ஒளியின் அளவை; எண் கூடினால் மங்கல்) 3.4 வரை மங்கி, மறுபடி ஏறும். 1783இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் இதன் சுழற்சியைக் கணக்கிட்டு, ஏதோ ஓர் உடல் குறுக்கே வந்து மறைக்கலாம் என்று சொன்னதிலிருந்துதான் இந்தத் துறையே தொடங்குகிறது. கண்ணைப் பழக்க அதைவிட நல்ல விண்மீன் கிடையாது.

ஆனால் தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டு ஒரு மறைப்பை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே இரவில் அளக்க அல்கோல் சரிப்படாது. அதன் மறைப்பு முடியச் சுமார் 10 மணி நேரம் ஆகும். அல்கோல் வான நடுக்கோட்டிலிருந்து 41 பாகை வடக்கே இருப்பதால், ஈரோடு, திருச்சி அட்சரேகையில் அது 30 பாகை உயரத்துக்கு மேல் நிற்பதே 8 மணி நேரம்தான். 30 பாகைக்குக் கீழே எடுக்கும் அளவை நம்ப முடியாது. ஏன் என்பது பின்னால் வரும். எப்படித் திட்டமிட்டாலும் ஒரு பக்கம் அறுபடும்.

நம் ஊருக்கு வாகானது ஆர் கேனிஸ் மேஜரிஸ். சிரியஸுக்குக் கிழக்கே 8 பாகை தள்ளி, காமா கேனிஸ் மேஜரிஸிலிருந்து 4 பாகை கிழக்கே இருக்கிறது. சாதாரண நேரத்தில் 5.7, மறைப்பின் ஆழத்தில் 6.3. சுழற்சி 1.1359 நாள், அதாவது 27 மணி 16 நிமிடம். மறைப்பு சுமார் 4 மணி நேரத்தில் முடிந்துவிடும். தெற்கே 16 பாகையில் இருப்பதால் நமக்கு நல்ல உயரத்தில் வரும். 30 பாகைக்கு மேல் 7 மணி நேரம் நிற்கும். மறைப்புக்கு 4 மணி, முன்னும் பின்னும் ஒளி மாறாத பகுதிக்கு ஒவ்வொரு மணி என்று 6 மணி நேரம் தாராளமாக அடங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் அது வசதியான நேரத்துக்கு வருகிறது என்பது இன்னொரு வசதி. ஜனவரி நடுவில் நள்ளிரவிலும், பிப்ரவரி நடுவில் இரவு 10 மணி வாக்கிலும், மார்ச் நடுவில் 8 மணி வாக்கிலும் உச்சியைக் கடக்கும்.

எந்த இரவு?

ஒரு நடு மறைப்பு, அதாவது ஒளி மிகக் குறையும் தருணம், இரவு 7.30க்கு வந்தால் அடுத்தது மறுநாள் இரவு 10.46க்கு. அதற்கும் அடுத்தது மூன்றாம் இரவில், நள்ளிரவு தாண்டி 2.02க்கு. ஆக, மூன்று இரவு தொடர்ந்து வாய்ப்பு வரும்; பிறகு பகலுக்குள் போய்விடும். ஏழு சுழற்சி சேர்ந்தால் 8 நாளுக்கு 1 மணி 10 நிமிடம் குறைவு. எனவே ஒரு நல்ல இரவு மேகத்தால் கெட்டால், எட்டாம் நாள் சற்று முன்னதாக அதே மறைப்பு மறுபடி கிடைக்கும். மூன்றில் எதை எடுப்பது? நடு மறைப்பு எந்த இரவில் உச்சி கடக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் விழுகிறதோ அதை எடுங்கள். பிப்ரவரியில் அது 10.46 இரவு.

நேரத்தைக் கணிக்க ஒரு தொடக்க நேரமும் (முன்பு அளந்த ஒரு நடு மறைப்பின் நேரம்) சுழற்சிக் காலமும் வேண்டும். இரண்டையும் மாறும் விண்மீன்களைக் கண்காணிப்போரின் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓ அமைப்பின் விஎஸ்எக்ஸ் என்ற மாறும் விண்மீன் தரவுத்தளத்திலிருந்து எடுங்கள். பழைய அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டாம். சுழற்சிக் காலத்தில் 0.000005 நாள் பிழை இருந்தாலே, ஆண்டுக்கு 321 சுழற்சி ஓடுகிற இந்த விண்மீனில் வருடத்துக்கு 2 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும். இருபது ஆண்டில் முக்கால் மணி. போதாக்குறைக்கு இந்த ஜோடியைச் சுமார் 93 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் மூன்றாவது உடல் ஒன்று இருக்கிறது. அதன் இழுப்பில் ஜோடி முழுவதும் நம்மை நோக்கியும் விலகியும் நகர்வதால், ஒளி வந்துசேரும் நேரம் அரை மணிக்கும் மேலாக முன்பின் ஆகிறது. ஆகவே கணித்த நேரத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், மறைப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே படமெடுக்கத் தொடங்குங்கள்.

முதலில் கண்

கேமரா இருந்தாலும் ஒரு மறைப்பையாவது கண்ணால் மதிப்பிடுங்கள். ஒப்பீடு என்றால் என்ன என்பது அப்போதுதான் கைக்கு வரும். அல்கோலுக்கு ஒப்பு விண்மீன்கள் (ஒளி மாறாத, மேக்னிட்யூட் தெரிந்த விண்மீன்கள்): அல்மாக் 2.1, எப்சிலான் பெர்சி 2.9, பீட்டா டிரையாங்குலி 3.0, ஆல்ஃபா டிரையாங்குலி 3.4, காப்பா பெர்சி 3.8. பக்கத்திலேயே கண்ணைப் பறிக்கும் ரோ பெர்சியை எடுக்காதீர்கள். அதுவே மாறும் விண்மீன்.

அல்கோலைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கலான ஒன்று என இரண்டைத் தேர்ந்து, அவற்றுக்கு இடையில் எத்தனை பங்கில் நிற்கிறது என்று பாருங்கள். எப்சிலானிலிருந்து ஆல்ஃபா டிரையாங்குலி வரையிலான இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கு என்று பட்டால், 2.9 + 0.4 × 0.5 = 3.1. பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று போதும். முந்தைய எண்ணைப் பார்க்காமல் அடுத்ததை எழுதுங்கள். தாளைத் திருப்பிப் போட்டுவிடுவது நல்லது. இறங்கும் என்று தெரிந்தால் கண் தானாகவே இறக்கிக் காட்டும். விண்மீனை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கவும் கூடாது. மாறி மாறிச் சட்டென்று பார்த்துவிட்டு நகருங்கள்; வெறித்தால் சிவந்த விண்மீன்கள் நேரமாக ஆகப் பிரகாசமாகத் தோன்றும்.

பழகிய கண்ணுக்கு 0.1 மேக்னிட்யூட் வரை துல்லியம் வரும். 1.3 மேக்னிட்யூட் இறங்கும் அல்கோலுக்கு அது போதும். 0.6 மட்டுமே இறங்கும் ஆர் கேனிஸ் மேஜரிஸுக்கு 10×50 பைனாகுலரில் மறைப்பு நடப்பது தெரியும், வளைகோடு சொரசொரவென்றுதான் வரும். அங்கேதான் கேமரா தேவைப்படுகிறது.

கேமரா, லென்ஸ், அமைப்பு

ரா கோப்பு தரும் எந்த டிஎஸ்எல்ஆரும் மிரர்லெஸ்ஸும் சரி. லென்ஸ் 85 முதல் 135 மி.மீ. வரை. 50 மி.மீ. வேண்டாம். ஏபிஎஸ்-சி சென்சாரில் அதன் படச்சட்டம் 25 பாகை அகலம். சிரியஸ் உள்ளே வந்து அதன் சிதறொளி படம் முழுக்கப் பரவும். 100 மி.மீ.யில் அகலம் சுமார் 12.7 பாகை. ஆர் கேனிஸ் மேஜரிஸை நடுவில் வைத்தால் சிரியஸ் வெளியே நின்றுவிடும். அப்படியும் ஓரத்தில் ஒளிக்கீற்று தெரிந்தால் சட்டத்தைக் கொஞ்சம் கிழக்கே தள்ளுங்கள்.

அமைப்புகள்: லென்ஸின் முழுத் திறப்பிலிருந்து ஒரு படி குறைத்து எஃப்/2.8 வாக்கில். ஐஎஸ்ஓ 200 அல்லது 400. ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுவதால் ஒளி கூடுவதில்லை. சென்சார் நிரம்பும் எல்லைதான் கிட்டே வருகிறது. நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு, உயர் ஐஎஸ்ஓ இரைச்சல் குறைப்பு, லென்ஸ் திருத்தம் எல்லாம் ஆஃப். ஆட்டோ ஃபோகஸ் ஆஃப்.

ஃபோகஸை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். அழகான படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இது கை வராது, ஆனால் இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. கூர்மையான விண்மீன் இரண்டு மூன்று பிக்சலுக்குள் விழும். அந்தப் பிக்சல்களில் சில சிவப்பு, சில நீலம், பாதி பச்சை. விண்மீன் அரைப் பிக்சல் நகர்ந்தாலே பச்சையில் விழும் ஒளி எகிறும், இறங்கும். அதை விண்மீனின் மாற்றம் என்று நினைத்துக்கொள்வீர்கள். தவிர, கூர்மையான புள்ளி சீக்கிரம் நிரம்பிவிடும். விண்மீன் 10 முதல் 15 பிக்சல் அகல வட்டாக விரியும் வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, டேப் ஒட்டிவிடுங்கள். அதற்கு மேல் விரித்தால் பக்கத்து விண்மீனின் வட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

வானத்தோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் ஸ்டார் டிராக்கர் இருந்தால் 20 விநாடி எக்ஸ்போஷர். அதன் அச்சு நோக்க வேண்டிய துருவ நட்சத்திரம் நம் ஊரில் 8 முதல் 13 பாகை உயரத்தில் தென்னைக்கும் மாடிக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். அது தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். கைபேசியின் திசைகாட்டியில் வடக்கு, சாய்வுமானியில் உங்கள் அட்சரேகை, இவ்வளவு வைத்தாலே 100 மி.மீ. லென்ஸுக்கு 20 விநாடி தாங்கும். வெறும் முக்காலி என்றால் 5 விநாடி. அதற்குள் விண்மீன் 8 பிக்சல் ஓடியிருக்கும். ஃபோகஸ் கலைந்த வட்டில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும்.

ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள். 36 மி.மீ. அளவே உள்ள திறப்பில் காற்றின் மினுமினுப்பு மட்டுமே 5 விநாடிப் படத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் ஆட்டம் தரும். பத்துப் படத்தைச் சராசரி எடுத்து ஒரு புள்ளியாக்குங்கள். 20 விநாடிப் படம் பத்து என்றால் இடைவெளியோடு சேர்த்து 4 நிமிடத்துக்கு ஒரு புள்ளி. 5 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சரிவின் செங்குத்தான பகுதி மழுங்கிவிடும்.

முதல் ஐந்து படம் எடுத்ததும் நிறுத்தி, சட்டத்தில் நீங்கள் அளக்கப்போகும் விண்மீன்களில் மிகப் பிரகாசமானதன் உச்சப் பிக்சல் மதிப்பைப் பாருங்கள். 14 பிட் கேமராவில் அது 10,000க்குள் இருக்கட்டும். நிரம்பிய பிக்சலை எந்த மென்பொருளும் பிறகு காப்பாற்றாது.

டார்க், ஃபிளாட், பயஸ்

மூன்றும் விண்மீன் படத்திலுள்ள பிழையைத் திருத்த எடுக்கும் படங்கள். டார்க் (சென்சாரின் சூட்டால் வரும் பொய் ஒளியைக் கழிக்க): லென்ஸ் மூடியைப் போட்டு அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓவில் 20. அன்றிரவே எடுங்கள். 25 பாகை செல்சியஸில் ஓடும் சென்சாரில் சூடான பிக்சல்கள் ஏராளம். குளிர்பதன அறையில் மறுநாள் எடுத்த டார்க் பொருந்தாது. பயஸ் (சென்சார் தானாகச் சேர்க்கும் அடிப்படை எண்ணைக் கழிக்க): மூடியோடு, கேமராவின் மிக வேகமான ஷட்டரில் 30.

லென்ஸின் ஒளி ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் ஃபிளாட்தான் பலர் தவிர்ப்பது. பெரிய பிழை வருவதும் அங்கேதான். அகலத் திறப்பில் லென்ஸின் மூலைகள் நடுப்பகுதியைவிடக் கணிசமாக இருண்டிருக்கும். முக்காலியில் வைத்து அடிக்கடி திருப்புகிறவருக்கு ஒப்பு விண்மீன் ஒருமுறை நடுவிலும் ஒருமுறை ஓரத்திலும் விழும். ஃபிளாட் இல்லாவிட்டால் வளைகோட்டில் படிக்கட்டு வரும். லென்ஸின் மேல் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, சூரியன் மறைந்த பின் உள்ள வானத்தை நோக்கி 20 முதல் 30 படம். ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்க வேண்டும். ஃபோகஸும் திறப்பும் விண்மீன் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். அந்தியில் ஃபோகஸ் இன்னும் முடிவாகியிருக்காது என்பதால் விடியலில் எடுப்பதே நடைமுறை.

கடிகாரம்

நடு மறைப்பு நேரத்தை ஒரு நிமிடத் துல்லியத்தில் சொல்லப் போகிறீர்கள். கேமராவின் கடிகாரமோ நாளுக்குச் சில விநாடி வழுவும். கைபேசியில் இணைய நேரத்தோடு ஒத்த, விநாடி காட்டும் கடிகாரத்தைத் திறந்து, அதைத் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் அதே கேமராவில் படமெடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கோப்பில் பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் திருத்தம். கோப்பில் இருப்பது எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம்; பாதி எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள்.

பதிவுகள் எல்லாம் ஜூலியன் நாளில், அதாவது மாதமும் ஆண்டும் இல்லாமல் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் முறையில், போக வேண்டும். ஜூலியன் நாள் உலக நேரப்படி நண்பகலில் மாறும். இந்தியா, இலங்கை நேரப்படி அது மாலை 5.30. ஆகவே நம் இரவு முழுவதும் ஒரே முழு எண்ணில் அடங்கும். 2026 ஜனவரி 1 மாலை 5.30க்கு ஜூலியன் நாள் 2461042.0. அங்கிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு, 5.30க்குப் பிறகு கடந்த மணிகளை 24ஆல் வகுத்துப் பின்னமாகச் சேருங்கள். பிப்ரவரி 15 இரவு 10.42 என்றால் கடந்தது 5 மணி 12 நிமிடம்: 2461087.2167. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே இரவு 8 மணிக்கு எண் மாறும். அதற்கு முன் எடுத்த படங்களைத் தவறான நாளில் சேர்ப்பது அங்கே சகஜம்.

ஒப்பு விண்மீன்: பாதி வேலை இதுதான்

ஏஏவிஎஸ்ஓ தளத்தின் வரைபடக் கருவியில் விண்மீனின் பெயரையும் 600 வில்நிமிடப் பார்வைப் புலத்தையும் கொடுத்தால், ஒப்பு விண்மீன்கள் எண்ணோடு வரும். 57 என்றிருந்தால் 5.7, தசமப் புள்ளியை விண்மீன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் விட்டுவிடுவார்கள். கூடவே வரும் பட்டியலில் நிற எண்ணும் (விண்மீன் எவ்வளவு நீலம் அல்லது சிவப்பு என்பதன் அளவு) இருக்கும். ஒன்றை ஒப்பு விண்மீனாகவும் இன்னொன்றை, அளவு சரியா என்று பார்க்கும் சோதனை விண்மீனாகவும் எடுங்கள். இலக்கோடு ஒரு மேக்னிட்யூடுக்குள், நிற எண்ணில் 0.3க்குள் இருக்கட்டும். கேமராவின் பச்சை வண்ணம் வானியலாளரின் வி வடிகட்டிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும், முழுதாகப் பொருந்தாது; நிறம் ஒத்திருந்தால் அந்த இடைவெளி கழிந்துவிடும். வழிகாட்ட உதவும் காமா கேனிஸ் மேஜரிஸை ஒப்புக்கு எடுக்காதீர்கள். 4.1 மேக்னிட்யூட் என்பது மிகப் பிரகாசம். அதோடு அது நீல விண்மீன்.

தூரமும் முக்கியம். உயரம் 60 பாகையில் இருக்கும்போது, 4 பாகை மேலே உள்ள ஒப்பு விண்மீனுக்கும் இலக்குக்கும் காற்றடுக்கின் கனத்தில் (தலைக்கு நேர் மேலே உள்ள கனம் 1 என்று கொண்டால்) உள்ள வித்தியாசம் 0.04 மட்டுமே. கடலோர ஈரக்காற்றில் ஒரு காற்றடுக்குக்கு 0.3 மேக்னிட்யூட் உறிஞ்சப்படுகிறது என்று வைத்தால் பிழை 0.013. அதே ஜோடி 30 பாகைக்கு இறங்கினால் வித்தியாசம் 0.21, பிழை 0.06. மறைப்பின் மொத்த ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு, வானத்தில் எதுவும் நடக்காமலே உங்கள் வளைகோட்டில் ஏறிவிடும். 30 பாகைக்குக் கீழே வேண்டாம் என்றது இதனால்தான். 2 பாகைக்குள் தகுந்த ஒப்பு விண்மீன் இருந்தால், நிறம் கொஞ்சம் விலகினாலும் நாங்கள் அதைத்தான் எடுப்போம்.

அளப்பது

சிரில், அஸ்ட்ரோஇமேஜ்ஜே, சி-மியூனிபேக் மூன்றும் இலவசம். வரிசை எதிலும் ஒன்றுதான்: டார்க், பயஸ், ஃபிளாட் திருத்தம், பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்தல், படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துதல், அளத்தல். வண்ணப் படமாக மாற்றிவிட்டுப் பச்சையைப் பிரிக்காதீர்கள். அப்படி மாற்றும்போது இல்லாத பிக்சல்களை மென்பொருள் அக்கம்பக்கத்திலிருந்து ஊகித்து நிரப்பிவிடும்.

அளவு வட்டம் விண்மீனின் வட்டைவிட இரண்டு மூன்று பிக்சல் பெரிதாக இருக்கட்டும். அதற்கு வெளியே வானப் பின்னணிக்கு ஒரு வளையம். அதற்குள் வேறு விண்மீன் விழவில்லை என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா விண்மீனுக்கும், எல்லாப் படத்துக்கும் அதே அளவு வட்டம்.

அளவு வட்டத்துக்குள் கிடைத்த ஒளி எண்ணிக்கைகளை இப்படி மாற்றுங்கள்: இலக்கின் மேக்னிட்யூட் = ஒப்பின் மேக்னிட்யூட் − 2.5 × மடக்கை (இலக்கின் எண்ணிக்கை ÷ ஒப்பின் எண்ணிக்கை). ஒப்பு விண்மீன் 5.60, அதன் எண்ணிக்கை 84,000, இலக்கு 61,000 என்றால் விகிதம் 0.726, மடக்கை −0.139; இலக்கு 5.95. இந்த 2.5ஐ மேக்னிட்யூட் அளவையில் நிலைநிறுத்தியவர் நார்மன் போக்சன். பின்னாளில் 1861 முதல் 1891 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தை நடத்தியவரும் அவரே. அங்கே அவருக்குக் கீழே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெடிகுலி மாறும் விண்மீன் என்று கண்டுபிடித்தார்.

சோதனை விண்மீனையும் அதே சூத்திரத்தில் போட்டு, நேரத்துக்கு எதிராக வரையுங்கள். அது நேர்கோடாக இருக்க வேண்டும். அதன் சிதறல் 0.01 என்றால் அருமையான இரவு; 0.03ஐத் தாண்டினால் மெல்லிய மேகம் போயிருக்கிறது. இலக்கின் பிழை என்று அறிக்கையில் எழுத வேண்டியது மென்பொருள் காட்டும் சிறிய எண் அல்ல, இந்தச் சிதறல்தான். ஒப்பு விண்மீனின் வெறும் எண்ணிக்கையையும் தனியாக வரைந்து பாருங்கள். அது அரை மணியாக மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தால் லென்ஸில் பனி படிகிறது. தை, மாசியில் ஆற்றோரத்திலும் வயலோரத்திலும் இது நடக்காமல் இருக்காது. யுஎஸ்பி வெப்பப் பட்டையை லென்ஸின் முன்பகுதியில் தொடக்கத்திலேயே சுற்றிவிடுங்கள். படிந்த பிறகு துணியால் துடைத்தால் ஃபோகஸ் நகரும், எடுத்த ஃபிளாட் வீணாகும்.

நடு மறைப்பு நேரம்

மேக்னிட்யூடைத் தலைகீழாக, சிறிய எண் மேலே வரும்படி வைத்து வரையுங்கள். இப்போது குறுக்கே கிடைக்கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோடும் இறங்கும் பக்கத்தையும் ஏறும் பக்கத்தையும் வெட்டும் நேரங்களின் நடுவைக் குறியுங்கள். ஒரு மாதிரி இரவு (10.37.5 என்றால் 10 மணி 37.5 நிமிடம்):

5.9இல் 9.18, 11.56 — நடு 10.37.0
6.0இல் 9.38, 11.37 — நடு 10.37.5
6.1இல் 9.55, 11.18 — நடு 10.36.5
6.2இல் 10.10, 11.04 — நடு 10.37.0

சராசரி 10.37. நடுப்புள்ளிகள் இப்படி முன்னும் பின்னும் சிதறினால் அது சாதாரண அளவைப் பிழை. மேலிருந்து கீழே போகப் போக ஒரே பக்கமாகச் சாய்ந்தால் வளைகோடே சாய்ந்திருக்கிறது. விண்மீனைச் சந்தேகிக்கும் முன் காற்றடுக்கையும் ஒப்பு விண்மீனின் நிறத்தையும் பனியையும் பாருங்கள். மறைப்புக்கு முன்னுள்ள மட்டமும் பின்னுள்ள மட்டமும் 0.02க்கு மேல் வேறுபட்டாலும் அதே கதைதான். இதற்காகத்தான் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக எடுக்கச் சொன்னது.

நடு மறைப்பு நேரம் காண 1956இல் குவீயும் வான் வூர்டனும் தந்த முறையைப் பல மென்பொருள்கள் ஒரே சொடுக்கில் செய்யும். விடை நன்றாகவே வரும். அது காட்டும் பிழை அளவு மட்டும் நிஜத்தைவிடச் சின்னதாக இருக்கும். கிடைக்கோட்டு முறையோடு ஒப்பிட்டுவிட்டு நம்புங்கள்.

அடுத்து, பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் திருத்தம். ஆர் கேனிஸ் மேஜரிஸுக்கு அது அதிகபட்சம் ஆறரை நிமிடம். ஜனவரி நடுவில் பூமி விண்மீனின் பக்கம் இருப்பதால் ஒளி முன்கூட்டியே வந்துவிடும். அந்த ஆறரை நிமிடத்தைக் கூட்ட வேண்டும். ஏப்ரல் நடுவில் திருத்தம் கிட்டத்தட்டச் சுழி. மென்பொருளே கணக்கிடும், ஆனால் ஒருமுறைதான் போட வேண்டும். மென்பொருள் போட்டதன் மேல் தானும் போட்டு இரட்டிப்பாக்குவது அடிக்கடி நடக்கிறது.

திருத்திய நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழியுங்கள். அளந்தது .2132, கணித்தது .2098 என்றால் வித்தியாசம் +0.0034 நாள், ஏறக்குறைய 5 நிமிடம் தாமதம். ஒரு ஆண்டின் ஒரு எண் எதையும் சொல்லாது. பல ஆண்டு எண்களை வரிசையாக வைத்தால் நேர்கோட்டுச் சாய்வு சுழற்சிக் காலம் தவறு என்று காட்டும். ஒரே பக்கம் வளையும் கோடு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பொருள் பாய்ந்து சுழற்சியே மாறுவதைக் காட்டலாம். ஏறி இறங்கும் அலை மூன்றாவது உடலைக் காட்டலாம். அந்த 93 ஆண்டுச் சுற்று வெளிப்பட்டது இப்படிச் சேர்ந்த நேரங்களிலிருந்துதான்.

ஏஏவிஎஸ்ஓவுக்கு அனுப்பும்போது வடிகட்டி என்ற இடத்தில் டிஜி என்று போடுங்கள். நிறத் திருத்தம் செய்யாத பச்சை என்று பொருள். திருத்தாமல் வி என்று போட்டால் மற்றவர் தரவோடு கலந்து குழப்பும். ஒப்பு, சோதனை இரண்டின் அடையாளமும், வரைபட எண்ணும் சேர்ந்து போக வேண்டும். அழகைக் கெடுக்கும் புள்ளியை நீக்காதீர்கள்; மேகம், விமானம், தவறிய பொருத்தம் என்று காரணம் காட்ட முடிந்தால் மட்டும் நீக்குங்கள்.

மார்ச்சுக்குப் பிறகு

ஏப்ரல் முதல் ஜூன் வரை டெல்டா லிப்ரே நல்ல உயரத்தில் இருக்கும்: 4.9 முதல் 5.9 வரை, சுழற்சி 2.327 நாள். மறைப்பு நீளமானது, ஒரே இரவில் அடங்காது. மூன்று சுழற்சி சேர்ந்தால் 7 நாளுக்கு 26 நிமிடம் குறைவு என்பதால், வாராவாரம் அதே கிழமையில் மறைப்பின் கிட்டத்தட்ட அதே பகுதிதான் கிடைக்கும். சனிக்கிழமை மட்டும் பார்க்கிறவர் ஒரே துண்டைத்தான் திரும்பத் திரும்ப அளப்பார்; வாரநாளிலும் இரண்டு இரவு ஒதுக்குங்கள். கிடைக்கும் துண்டுகளைக் கட்டத்தின்படி அடுக்க வேண்டும்: ஜூலியன் நாளிலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்து, சுழற்சிக் காலத்தால் வகுத்து, விடையின் பின்னப் பகுதியை மட்டும் எடுத்து அதற்கெதிராக வரையுங்கள்.

மறைப்பு இல்லாமல் தானே விரிந்து சுருங்கி மாறும் விண்மீனுக்கும் இதே அடுக்கல்தான். ஈட்டா அக்குயிலே 7.177 நாளில் 3.5க்கும் 4.4க்கும் இடையே போய்வரும். இரவுக்கு ஒரு மதிப்பீடு, ஒரு மாதம் எடுத்தால் வேகமாக ஏறி மெதுவாக இறங்கும் வடிவம் தெளிந்துவிடும். அதற்குக் கேமராகூட வேண்டாம்.

கார்த்திகைக்குப் பின் வானம் திறந்தால் ஒய்ஒய் எரிடானி இருக்கிறது. இரண்டு விண்மீன்களும் ஒட்டிக்கொண்டு 7 மணி 43 நிமிடத்தில் சுற்றும் ஜோடி, 8.1 முதல் 8.8 வரை, 135 மி.மீ. லென்ஸும் டிராக்கரும் வேண்டும். ஒளி மாறாத நேரம் என்று அதற்கு ஒன்றும் கிடையாது. இரண்டு பள்ளங்களும் கிட்டத்தட்டச் சம ஆழம் என்பதால், சுழற்சி தேடும் மென்பொருள் பாதிக் காலத்தை, 0.1607 நாளைக் காட்டும். அதை இரட்டித்து 0.3215இல் அடுக்கி, இரண்டு பள்ளங்களின் ஆழத்தையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.